வான்சண்டை சிமுலேட்டரில் குறி தேற: தினம் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எதில் போடலாம்?

எதிரியின் வால் கண்ணாடி நிறைய நிற்கிறது. விசையை அழுத்துகிறீர்கள். ட்ரேசர் (ஒளிர்ந்து போகும் தோட்டா) கோடுகள் சரசரவென்று போகின்றன. அவனோ தன் பாட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறான். பெல்ட் காலி, அவன் இறக்கையில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஓட்டத் தெரிந்துவிட்டது, பின்னால் போய் உட்காரவும் தெரிந்துவிட்டது, சுடத்தான் வரவில்லை என்ற இடத்தில் சிக்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். ஆஃப்லைனில் ஏஐ ஓட்டும் விமானத்தைச் சுட்டுப் பழகுவதா, இலகுவான ஆர்கேட் முறையில், எங்கே சுட வேண்டும் என்று காட்டும் லீட் குறியைப் பிடித்துக்கொண்டு பழகுவதா, அந்தக் குறி இல்லாத, நிஜத்துக்கு நெருக்கமான ரியலிஸ்டிக் சர்வரில் நேராக இறங்கி அடிவாங்கியே கற்பதா, ஒரு நண்பனை இழுத்துவந்து ஜோடியாகப் பழகுவதா?

இங்கே பேசுவது துப்பாக்கியும் பீரங்கியும் மட்டும் உள்ள இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றி. ஏவுகணை ஜெட்டுகளின் கதை வேறு.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இது புரியாவிட்டால் நாலு வழியிலும் தோட்டாதான் வீண்.

மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் விநாடிக்கு 111 மீட்டர் நகர்கிறது. அமெரிக்க மஸ்டாங் போர்விமானத்தின் .50 அங்குலத் தோட்டா 300 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.35 விநாடி எடுக்கும். அதற்குள் எதிரி 39 மீட்டர் தள்ளிப் போயிருப்பான். ஜெர்மானியப் போர்விமானம் பிஎஃப் 109-இன் நீளம் சுமார் 9 மீட்டர். ஆக, குறுக்கே பறப்பவனுக்கு நாலு விமான நீளம் முன்னால் சுட வேண்டும். இந்த முன்தூரம்தான் லீட். புதிதாக வருபவர்கள் ஒரு நீளம், மிஞ்சினால் ஒன்றரை வைப்பார்கள். தோட்டா முழுக்க வாலுக்குப் பின்னால் போவது இதனால்தான்.

எதிரி போகும் திசைக்கும் நீங்கள் சுடும் திசைக்கும் நடுவே உள்ள கோணம் குறைந்தால்? 30 பாகையில் லீட் பாதியாகிறது. ஆனால் எதிரியின் உடலும் உங்கள் கண்ணுக்குப் பாதி நீளமாகத்தான் தெரியும். அதனால் கண்ணுக்குத் தெரியும் நீளத்தை வைத்து அளந்தால் எந்தக் கோணத்திலும் விடை நாலுதான். 150 மீட்டரில் இரண்டு, 300-இல் நாலு, 600-இல் ஒன்பதுக்கு மேல். இந்த மூன்று எண்களை மனதில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மெதுவான ஷெல் (பீரங்கிக் குண்டு) கொண்ட ஜெர்மானிய எம்கே 108 பீரங்கி என்றால் 300 மீட்டரில் நாலு போதாது, ஏழை ஒட்டி வைக்க வேண்டும். அதன் ஷெல் குழாயை விட்டுக் கிளம்பும் வேகமே விநாடிக்கு 500 மீட்டர் சொச்சம்தான்.

தூரத்தைக் கண்டுபிடிக்க வளையத்தைப் பாருங்கள். குறிக்கண்ணாடி வளையம் 100 மில்லிரேடியன் (கோண அளவு) என்றால், 10 மீட்டர் இறக்கை கொண்ட போர்விமானம் 100 மீட்டரில் வளையத்தை நிரப்பும், 200-இல் பாதி, 300-இல் மூன்றில் ஒரு பங்கு. ஜூம் செய்து பார்த்துவிட்டு “கிட்டத்தில்தான் இருக்கான்” என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய ஏமாற்று. வளையமும் சேர்ந்து பெரிதாவதால் வளையம் பொய் சொல்லாது, கண்தான் சொல்லும். சுடும்போது எப்போதும் ஒரே ஜூம் அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளவுகோல்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சுட வாய்ப்புக் கிடைக்கிறது? தவறிய தோட்டா எங்கே போனது என்று தெரிகிறதா? இலக்கு மனிதனைப் போல நடந்துகொள்கிறதா? பிங் (தரவு சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்), நேரம், பணம் என்று கண்ணுக்குத் தெரியாமல் போகும் செலவு எவ்வளவு? நாலுக்கும் சம எடை கொடுக்க வேண்டாம். இரண்டாவதற்குத்தான் எங்கள் ஓட்டு. பட்டது எதையும் சொல்லித்தராது. தவறியது எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்தால்தான் அடுத்த குறி திருந்தும்.

| வழி | ஒரு மணியில் சுடும் வாய்ப்பு | தவறு தெரிவது | இலக்கின் நடத்தை | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஆஃப்லைன் ஏஐ | நிறைய | நிறுத்தி வைத்துப் பார்க்கலாம் | ஒரே மாதிரி | ஏஐயின் குணம் மனப்பாடமாகிவிடும் |
| ஆர்கேட் லீட் குறி | மிக நிறைய | தெரியாது, குறி மறைத்துவிடும் | மனிதர், ஆனால் பறத்தல் இலகு | கண் தவறான இடத்தில் பழகும் |
| நேரடி ரியலிஸ்டிக் சர்வர் | விரல்விட்டு எண்ணலாம் | ரீப்ளே பார்த்தால் மட்டும் | அசல் மனிதர் | பிங், நள்ளிரவு, தேடும் நேரம் |
| ஜோடிப் பயிற்சி | நிறைய | எதிராளியே சொல்வான் | சொன்னபடி நடக்கும் மனிதர் | ஆள் கிடைக்க வேண்டும், போர்ட் தொல்லை |

## ஆஃப்லைன் ஏஐ

முதல் இரண்டு வாரத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. வார் தண்டர் விளையாட்டில் டெஸ்ட் ஃப்ளைட், ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸில் க்விக் மிஷன். பழைய லேப்டாப் என்றால் ஐஎல்-2 1946 போதும். அதன் அமைப்புக் கோப்பில் ஆர்கேட் என்ற வரியில் 0-ஐ 1 ஆக மாற்றினால், தோட்டா பட்ட இடங்களில் அம்புக்குறி நிற்கும். இவ்வளவு பழைய விளையாட்டில் இவ்வளவு நல்ல பயிற்சிக் கருவி இருப்பது பலருக்குத் தெரியாது.

செய்முறை இப்படி. 2,000 மீட்டர் உயரத்தில் நேராகப் பறக்கும் ஒரு ஜூ 52 என்ற பெரிய போக்குவரத்து விமானத்தை இலக்காக வையுங்கள், துணைக்கு வேறு விமானம் வேண்டாம். நேர் பின்னாலிருந்து 10 முறை, 30 பாகையில் 10 முறை, குறுக்கே 10 முறை பாய்ந்து வாருங்கள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரே ஒரு பர்ஸ்ட் (விடாமல் ஒரு தொடர் சூடு), அதுவும் ஒரு விநாடி. சுட்டவுடன் பாஸ் பொத்தானை அழுத்துங்கள். ட்ரேசர் கோடுகள் அந்தரத்தில் உறைந்து நிற்கும். வாலுக்குப் பின்னாலா, மேலா, கீழா என்று நிதானமாகப் பார்க்கலாம். ஆன்லைனில் எந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதி இது.

ஜூ 52-இல் ஒரு கண்ணி உண்டு. அதன் இறக்கை 29 மீட்டர். அது 600 மீட்டரில் நிற்கும்போது, போர்விமானம் 200 மீட்டரில் தெரியும் அளவுக்குத் தெரியும். அதனால் முதல் நாலைந்து நாளுக்குப் பிறகு இலக்கைப் போர்விமானமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தூரக் கணக்கு தலைகீழாகப் பதிந்துவிடும்.

அளவில்லாத் தோட்டாவையும் முதல் வாரத்தோடு அணைத்துவிடுங்கள். ஸ்பிட்ஃபயர் 9-இன் 20 மி.மீ. பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 120 ரவுண்ட், விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 12 விநாடி சொச்சத்தில் காலி. பிஎஃப் 109 கே-4-இன் எம்கே 108-க்கு 65 ரவுண்டுதான், ஆறு விநாடி தாங்கும். குழாயைத் திறந்துவிட்டு வாளியைத் தேடும் பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது.

எப்போது நிறுத்துவது? ஏஐ எந்தப் பக்கம் திரும்பும் என்று அது திரும்புவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அன்றே நிறுத்துங்கள். அதற்குமேல் நீங்கள் குறி பழகவில்லை, ஏஐயைப் பழகுகிறீர்கள். மனிதன் பயந்தால் கன்னாபின்னாவென்று இழுப்பான், ஏஐக்குப் பயமே கிடையாது.

## ஆர்கேட் லீட் குறி

இலவசமாகக் கிடைப்பதில் விலை அதிகமானது இதுதான்.

எதிரிக்கு முன்னால் ஒரு சின்ன வட்டம் வரும், அதில் சுட்டால் படும். சுடும் வாய்ப்பு கொட்டிக்கிடக்கும், ஐந்து நிமிடத்தில் மூன்று சண்டை. ஆனால் உங்கள் கண் விமானத்தைப் பார்க்காமல் வட்டத்தைப் பார்த்துப் பழகிவிடும். எதிரியின் இறக்கை சாய்வது, மூக்கு தூக்குவது, அடுத்து எங்கே போவான் என்று காட்டிக்கொடுக்கும் எல்லா அடையாளமும் கண்ணில் படாமலே போகும். ரியலிஸ்டிக்குக்குப் போனதும் வட்டம் இருக்காது. மூன்று மாதம் ஆர்கேட் ஆடிவிட்டு வருபவர் முதல் நாள் வந்தவரைவிட மோசமாகச் சுடுவது இதனால்தான். போதாக்குறைக்கு ஆர்கேடில் விமானங்கள் நிஜத்தைவிடச் சுளுவாகத் திரும்பும், அந்தத் தாளமும் பொய்.

பயன் இல்லாமல் இல்லை. ஒரு வாரத்துக்கு மட்டும், வேறொரு வேலைக்கு இதை வைத்துக்கொள்ளலாம். சுடாதீர்கள், அளந்து பாருங்கள். எதிரியின் மூக்குக்கும் வட்டத்துக்கும் நடுவே எத்தனை நீளம் இருக்கிறது என்று எண்ணுங்கள். மேலே சொன்ன இரண்டு, நாலு, ஒன்பது கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கலாம். கணக்கு என்றாலே ஒவ்வாதவர்களுக்கும், லீட் என்பது இவ்வளவு தூரமா என்று நம்ப மறுப்பவர்களுக்கும் இது நல்ல மருந்து. எட்டாவது நாள் கதவைச் சாத்திவிட வேண்டும்.

## நேரடி ரியலிஸ்டிக் சர்வர்

“தண்ணியில இறங்காம நீச்சல் வருமா?” என்பார்கள். சரிதான். ஆனால் அடையாறு முகத்துவாரத்தில் இறக்கிவிட்டு நீச்சல் கற்றுக்கொள் என்று யாரும் சொல்வதில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். மேலேறப் பத்து நிமிடம், தேட ஐந்து நிமிடம், சண்டை இரண்டு நிமிடம், அதில் விசையை அழுத்தும் நேரம் மூன்று நாலு விநாடி. ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு பர்ஸ்ட் கிடைத்தாலே பெரிது. படபடப்பில் எதற்காகத் தவறியது என்று நினைவும் இருக்காது.

சென்னையிலிருந்து ஆடுபவர்களுக்கு இன்னும் இரண்டு செலவு. ஒன்று நேரம். ஐரோப்பிய சர்வர்கள் அங்கே மாலை ஏழு மணிக்கு நிரம்பும். நமக்கு அது கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. மறுநாள் காலை ஓ.எம்.ஆர். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பிங். ஐரோப்பாவுக்கு 150 முதல் 200 மில்லிவிநாடி சகஜம். 180 மில்லிவிநாடியில் 400 கி.மீ. வேக விமானம் 20 மீட்டர் நகர்ந்துவிடும், அதாவது இரண்டு விமான நீளம். சில விளையாட்டுகள் சுடுபவரின் திரையில் பட்டதைக் கணக்கில் எடுக்கும், சில சர்வரின் கணக்கை எடுக்கும். எதுவாக இருந்தாலும் பிங் சீராக இருந்தால் கை பழகிக்கொள்ளும். 60-க்கும் 200-க்கும் நடுவே துள்ளினால் எதிரி திரையில் தாவித் தாவிப் போவான், அதற்கு எந்தப் பயிற்சியும் உதவாது. வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு வருவதுதான் முதல் வைத்தியம். சிங்கப்பூர் சர்வர் கிடைத்தால் விடாதீர்கள். சென்னையிலிருந்து அங்கே கடலடிக் கேபிள் நேராகப் போகிறது, பிங் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும்.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? 30 பாகைப் பாய்ச்சலில் ஓரளவு படத் தொடங்கிவிட்டவர்களுக்கு. சூழலைப் பார்ப்பது, எப்போது சுடாமல் இருப்பது, பின்னால் வருபவனைக் கவனித்துக்கொண்டே குறிபார்ப்பது, இவை வேறெங்கும் கிடைக்காது. குறியைக் கற்க வேண்டிய இடம் அல்ல, கற்றதைச் சோதிக்கும் இடம்.

இங்கே ஆடுபவர்கள் ரீப்ளே பதிவைக் கட்டாயம் இயக்கி வையுங்கள். ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், டிசிஎஸ் ஆகிய இரண்டு சிமுலேட்டருக்கும் டாக்வியூ என்ற, ஆட்டத்தைப் பின்னால் அலசிப் பார்க்கும் மென்பொருள் வேலை செய்யும், அதன் இலவசப் பதிப்பே போதும். எத்தனை மீட்டரில் விசையை அழுத்தினீர்கள் என்று மட்டும் பாருங்கள். 250 என்று நினைத்தது 550 ஆக இருக்கும். டிசிஎஸ்ஸின் சொந்த ட்ராக் பதிவு, நீண்ட ஆட்டங்களில் நடந்ததை விட்டு விலகிப்போவதுண்டு, அதை நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

## ஜோடிப் பயிற்சி

ஆள் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். காரணம் எளிது. உங்கள் தோட்டா எங்கே போகிறது என்பது உங்களைவிட எதிரே பறப்பவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் தலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வான். ஹெட்செட்டில் ஓடும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“பின்னாடி.”

“எவ்ளோ?”

“ரெண்டு நீளம். இன்னும் முன்னாடி வை மச்சான்.”

“இப்போ?”

“தாண்டிப் போவுது... இரு, இரு. டொக்குனு சத்தம் வந்துச்சு. ரைட் விங்.”

இந்த ஐந்து வரி, சர்வரில் தனியாகச் சுட்ட ஐந்து நாளுக்குச் சமம்.

முதல் பத்து நிமிடம் ஒருவர் 3,000 மீட்டரில் 300 கி.மீ. வேகத்தில் நேராகப் பறக்க, மற்றவர் 30 பாகையில் பாய்ந்து ஒரு விநாடி மட்டும் சுடுவார். பிறகு இடம் மாறுங்கள். அடுத்த சுற்றில் இலக்கு சீரான திருப்பத்தில் போகட்டும், சுமார் 2 ஜி (எடை இரண்டு மடங்காக அழுத்தும் அளவு). இங்கேதான் முக்கியமான விஷயம் பிடிபடும். திரும்புகிறவனைச் சுட, உங்கள் இறக்கை அவன் இறக்கைக்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது லீட் வைப்பது மூக்கைக் கொஞ்சம் மேலே இழுப்பது மட்டுமே. இறக்கை இணையாக இல்லாவிட்டால் மேலும் இழுக்க வேண்டும், பக்கவாட்டிலும் தள்ள வேண்டும், இரண்டும் ஒரே நொடியில் கூடிவராது. கடைசிச் சுற்றில் இலக்கு தன் இஷ்டப்படி நெளியட்டும்.

“இடப்பக்கம், எப்பவும் இடப்பக்கம்” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தால் குறியில் கோளாறு இல்லை. டாஷ்போர்டில் சறுக்கலைக் காட்டும் பந்தைப் பாருங்கள், நடுவில் இருக்காது. விமானம் மூக்கு ஒரு பக்கமும் பயணம் ஒரு பக்கமுமாகச் சறுக்குகிறது, தோட்டாவும் சறுக்குகிறது. மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் மாதிரி பெரிய எஞ்சின் விமானத்தில் வேகம் மாறும்போதெல்லாம் ரட்டர் (வால் சுக்கான்) பெடலை மிதிக்க வேண்டும். தனியாகப் பழகும்போது மாதக்கணக்கில் பிடிபடாத தவறு இது, ஜோடியில் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

கன்வர்ஜென்ஸ், அதாவது இரண்டு இறக்கைத் துப்பாக்கிகளின் பாதையும் சந்திக்கும் தூரம், அதைச் சரிசெய்யவும் இதுவே இடம். 300-இல் வைத்துவிட்டு 600-இல் சுட்டால், தோட்டாக்கள் குறுக்கே கடந்து இறக்கையில் இருந்த அதே அகலத்துக்கு மறுபடி விரிந்துவிடும். எதிரியின் இரண்டு பக்கமும் மழை பெய்யும், அவன் நனைய மாட்டான். ஆங்கிலேய விமானப்படை 1940-இல் முதலில் 400 கஜத்தில் வைத்திருந்ததை, மாலன் போன்ற விமானிகள் 250 கஜத்துக்கு இழுத்தார்கள். அது நம் கணக்கில் 230 மீட்டர். அன்று ஸ்பிட்ஃபயரில் பறந்த 234-ஆம் ஸ்குவாட்ரன் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கியது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு. 200 முதல் 300-க்குள் ஒரு எண்ணை வைத்து, வாராவாரம் மாற்றாமல் இருங்கள். மூக்கிலேயே துப்பாக்கி உள்ள விமானத்தில் இந்தத் தலைவலி கிடையாது.

இந்த வழியின் தொல்லை பறப்பதில் இல்லை, இணைப்பில். வார் தண்டரில் கஸ்டம் போர் அறை திறந்தால் போதும். டிசிஎஸ்ஸில் உங்கள் கணினியையே சர்வராக்கலாம், இருவரும் சென்னை என்றால் பிங் மிகக் குறைவு. ஆனால் ரவுட்டரில் 10308 போர்ட்டைத் திறக்க வேண்டும். பல ப்ராட்பேண்ட் நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கிட்டுத் தருவதால், நீங்கள் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. தனிக்கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம், இல்லை ஜீரோடயர் மாதிரி விர்ச்சுவல் லேன் போட்டுக்கொள்ளலாம். பின்னதுதான் நமக்குக் கட்டுபடியாகும்.

இன்னொன்று, ஜோடி கொஞ்ச நேரத்தில் சண்டைக்கோழியாகிவிடும். பயிற்சி என்று தொடங்கி, யார் பெரியவன் என்று முடியும். இலக்காகப் பறப்பதும் வேலைதான் என்று ஒத்துக்கொள்ளும் நண்பனைப் பிடியுங்கள்.

## பணம் போடுவதென்றால்

சுருக்கமாக. வார் தண்டர் ரியலிஸ்டிக் மட்டும் ஆடுபவருக்கு மௌஸே போதும், ஜாய்ஸ்டிக் வாங்கினால் குறி இன்னும் கெடும். ஐஎல்-2, டிசிஎஸ் என்றால் ஜாய்ஸ்டிக் இல்லாமல் முடியாது. ஹால் சென்சார் (காந்தத்தால் அசைவை அளப்பது) உள்ளதாகப் பாருங்கள். பொட்டென்ஷியோமீட்டர் வகை நம் கடற்காற்றிலும் தூசியிலும் சீக்கிரம் துடிக்க ஆரம்பிக்கும், சுடும் நேரத்தில் மூக்கு தானாக ஆடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையது வாங்கினால், கடைக்காரரின் கணினியில் செருகி விண்டோஸ் கேலிப்ரேஷன் திரையைத் திறக்கச் சொல்லுங்கள். கையை எடுத்ததும் கூட்டல் குறி அசையாமல் நிற்க வேண்டும். நடுவில் மெல்ல நகர்த்தும்போது தாவக் கூடாது. “அதெல்லாம் வீட்ல போய் பார்த்துக்குங்க சார்” என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

தலை அசைவைத் தொடரும் கருவிக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஓப்பன்ட்ராக் மென்பொருளை வெப்கேமோடு முயன்று பாருங்கள், இலவசம். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப் சூடேறி ஃப்ரேம் விழுந்தால், கிராஃபிக்ஸைக் குறைத்து 60-இல் பூட்டிவிடுங்கள். சீரான 60, ஏறி இறங்கும் 90-ஐவிடக் குறிக்கு நல்லது.

## ஒரு மணி நேரத்தைப் பங்கிட

ஆள் கிடைக்காதவர்: முதல் இரண்டு வாரம் முழுக்க ஏஐ, பிறகு 20 நிமிடம் ஏஐ, 30 நிமிடம் சர்வர், மீதி 10 நிமிடம் ரீப்ளே. ஆள் கிடைத்தவர்: வாரத்தில் மூன்று நாள் ஜோடி, மற்ற நாள் ஏஐ, சர்வரைச் சனி ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்கே புரியவில்லை என்பவர் இதற்கு முன்னால் ஒரு வாரம் ஆர்கேட் வட்டத்தை அளந்துவிட்டு வரலாம்.

30 பாகை, 300 மீட்டர், ஒரு விநாடி பர்ஸ்ட். பத்துப் பாய்ச்சலில் ஆறில் முதல் பர்ஸ்ட்டே பட்டால் மணி நேரத்தில் 45 நிமிடத்தைச் சர்வருக்குக் கொடுங்கள். நாலுக்குக் கீழே என்றால் ஜூ 52 இன்னும் 2,000 மீட்டரில் காத்துக்கொண்டிருக்கிறது.